குடும்பத் தலைவரின் பொறுப்புகள்: தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள்

ரேஷன் கார்டில் அம்மா பெயர், ஈ.பி. இணைப்பில் அப்பா பெயர், வீட்டு வரி ரசீதில் இறந்துபோன தாத்தா பெயர். இதில் யார்தான் குடும்பத் தலைவர்?

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அடுப்புதான் கணக்கு. சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அவர்கள் யாரைத் தலைவர் என்று சொல்கிறார்களோ அவர் பெயரை எழுதிக்கொள்வார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்குத் தனித்தனி அடுப்பு எரிந்தால் அது இரண்டு குடும்பம்.

ரேஷன் கார்டுக்கு வேறு விதி. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பிய பெண்களில் மூத்தவரைக் குடும்பத் தலைவராகக் கொள்ளச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய பிறகுதான் பல வீடுகளில் கார்டை எடுத்து, தலைவி என்று யார் பெயர் இருக்கிறது என்றே பார்த்தார்கள்.

வீட்டு வரி, ஈ.பி., குடிநீர் இணைப்பு எல்லாம் உரிமையாளர் பெயரில் இருப்பவை. ஆகவே பெயர்கள் வேறுபடுவது தவறில்லை. உயிரோடு இல்லாதவர் பெயரில் எது இருக்கிறதோ அதுதான் நாளைக்குச் சிக்கல் கொடுக்கும். தாத்தா பெயரில் உள்ள ரசீதை முதலில் மாற்றுங்கள்.

குடும்பத் தலைவருக்கென்று சட்டத்தில் தனிக் கடமை ஏதாவது உண்டா?

உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்று இது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வீட்டில் நடக்கும் பிறப்பையும் இறப்பையும் தெரிவிக்கும் கடமையைக் குடும்பத் தலைவர் தலையில்தான் வைக்கிறது. அவர் வீட்டில் இல்லையென்றால் அங்கிருக்கும் நெருங்கிய உறவினர் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் அந்தப் பொறுப்பு மருத்துவமனையுடையது.

கெடு 21 நாள். அதற்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் மட்டும். 30 நாளுக்கு மேல், ஓராண்டுக்குள் என்றால் உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டியிருக்கும்.

தடுமாற்றம் வருவது பெரும்பாலும் வீட்டில் நடக்கும் இறப்பில்தான். ஆஸ்பத்திரியில் நடந்தால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வீட்டில் தாத்தா தூக்கத்தில் போய்விட்டால், காரியம், பதினாறாம் நாள் என்று ஓடி முடித்து மூச்சு விடும்போது 21 நாளில் ஐந்து நாள்தான் மிச்சம் இருக்கும். கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணச் சான்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள். மயான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதியும்போது பெயரின் எழுத்து ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா, முதலெழுத்து சரியா என்று படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பாருங்கள். சான்றிதழ் வந்தபின் ஓர் எழுத்தைத் திருத்துவது, புதிதாகப் பதிவதைவிடப் பெரிய வேலை.

குழந்தைக்குப் பெயர் வைக்காமலே பிறப்பைப் பதிந்துவிட்டோம். பிறகு சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பதிவு நாளிலிருந்து 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அதன் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் இருப்பு வேண்டும்? பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?

நகரங்களுக்கான திட்ட அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். நாலு பேருக்கு 540 லிட்டர். மேலே 1000 லிட்டர் டேங்க் ஒன்று இரண்டு நாளைத் தள்ளும்.

சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, எவ்வளவு கொள்ளும் என்று தெரியாமல்தான் பலர் மருந்து போடுகிறார்கள். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 6 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் 150 கன அடி, ஏறக்குறைய 4,200 லிட்டர்.

கிணற்றுத் தண்ணீர், லாரித் தண்ணீர் என்றால் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அது சுமார் ஒரு டீஸ்பூன். நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் புழங்குங்கள். மாநகராட்சிக் குழாய் நீரில் ஏற்கெனவே குளோரின் இருக்கும். அதற்கு மேலும் போட்டால் வாடைதான் மிச்சம்.

இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பிரித்த பாக்கெட்டை அப்படியே மாதக்கணக்கில் வைப்பது ஒன்று. காற்றுப் பட்டால் வீரியம் போய்விடும், பிறகு போட்டும் பயனில்லை. மற்றொன்று, இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரில் போட்டுவிட்டு, நீர் செந்நிறமாகிறதே என்று பயப்படுவது. நீரில் கரைந்திருந்த இரும்பு குளோரின் பட்டதும் துருவாகப் பிரிவதால் அந்த நிறம் வருகிறது. ஓர் இரவு தெளிய விட்டால் அடியில் படிந்துவிடும்.

டேங்கைக் கழுவி முடித்தபின் கிருமி நீக்க அளவு வேறு. 1000 லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை கலந்து நிரப்பி, சில மணி நேரம் வைத்திருந்து, முழுவதையும் வெளியேற்றிவிட வேண்டும். அந்தத் தண்ணீர் குடிக்கவோ குளிக்கவோ ஆகாது. மேல் டேங்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் சம்ப்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் கழுவினால் போதும்.

சம்ப்பை நாமே இறங்கிக் கழுவலாமா?

மோட்டார் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். அது போதாது, மெயினிலேயே அணைக்க வேண்டும். மூடியைச் சில மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள். மேலே ஓர் ஆள் நிற்காமல் இறங்காதீர்கள். பெட்ரோல் அல்லது டீசல் பம்ப்பை உள்ளே இறக்கித் தண்ணீர் எடுக்கவே கூடாது. அதன் புகை சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும்.

புதிதாகக் கட்டிய சம்ப் இன்னும் ஆபத்து. பல நாள் மூடிக் கிடந்த குழிக்குள் கான்கிரீட்டைத் தாங்க அடித்த ஈரமான சென்ட்ரிங் பலகைகள் மக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. பலகை பிரிக்க இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன அடுத்தவரும் விழுவதுதான் வழக்கமாக நடப்பது. யாராவது விழுந்துவிட்டால் குதிக்காதீர்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

கொசுவுக்கு வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும்? அது மாநகராட்சி வேலை அல்லவா?

சாக்கடைக் கொசு வேண்டுமானால் அவர்கள் வேலை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு உங்கள் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு தேங்கிய நீரையெல்லாம் கொட்டிவிட்டு, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. எல்லோரும் மறப்பது ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு.

மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்கிறது. ஆனால் மழை பெய்தால் தண்ணீர் வாசலில்தான் நிற்கிறது. ஏன்?

2003-இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமானபோது அவசர அவசரமாகக் குழி தோண்டி, ஜல்லி போட்டு, அத்தோடு மறந்த வீடுகள் ஏராளம். குழி இருக்கிறது, மண் அடைத்துவிட்டது. மேலே உள்ள அரையடி மணலை அள்ளி எறிந்துவிட்டுப் புது மணல் போட்டாலே பாதி வீடுகளில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிடும். கீழே இருக்கும் ஜல்லியையும் சில ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து அலசிப் போட வேண்டும்.

அப்படியும் இறங்கவில்லை என்றால் உங்கள் மண் களிமண்ணாக இருக்கலாம். மூன்றடிக் குழி அங்கே வெறும் தொட்டிதான். குழியின் நடுவில் ஆறு அங்குல விட்டத்தில் 10 முதல் 15 அடி வரை துளை போட்டு, மணல் அடுக்கைத் தொட வைக்க வேண்டும்.

இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1000 சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர் விழும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர். கழிவு போக ஒரு லட்சம் லிட்டராவது தேறும். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் எட்டு லாரி.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். வேலையை ஆவணியிலேயே முடித்துவிடுங்கள்; புரட்டாசிக்கு மேல் கொத்தனார் கிடைக்க மாட்டார். மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் சல்லடை வைத்து, இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், குழி வரை வருகிறதா என்று. முதல் மழையைத் திறந்துவிட்டு வெளியேற்றுங்கள். காக்கை எச்சமும் தூசியும் அதோடு போகட்டும். சமையலறைக் கழிவு நீரை இந்தக் குழாயில் இணைத்திருந்தால் உடனே துண்டியுங்கள். எண்ணெய்ப் பசை மணலை அடைத்துவிடும், கிணறும் கெடும்.

செப்டிக் டேங்க் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும்?

இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. பத்து ஆண்டாக எடுக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் வீட்டில் தொட்டியின் அடி பூசப்படாமல் இருக்கும், அல்லது வெளியேறும் குழாய் தெருக் கால்வாய்க்குப் போயிருக்கும். கழிவு அக்கம்பக்கத்துக் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். குடிநீர்க் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே 50 அடியாவது வேண்டும்.

நிறைவதற்கு முன்பே அறிகுறி தெரியும்: தண்ணீர் ஊற்றினால் மெதுவாக இறங்கும், குளியலறைத் தரைவாயில் குமிழி விடும். கழிவெடுக்கும் லாரி வரும்போது அடியில் சிறிது சேறு இருக்கட்டும். மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. ஆசிட்டும் பினாயிலும் அளவுக்கு மீறி ஊற்றுகிற வீடுகளில் டேங்க் சீக்கிரம் நிறைவதும் இதனால்தான்.

ஆளை உள்ளே இறக்குவது குற்றம். கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. வேலைக்கு வைத்த வீட்டுக்காரரையும் அது விடாது. “அவரே இறங்குறேன்னு சொன்னார்” என்பது பதிலாகாது. டேங்கைப் பாதுகாப்பாக எடுக்க 14420 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மழைக்காலத்தில் வீட்டு கரண்ட் அடிக்கடி டிரிப் ஆகிறது. ஈ.பி. ஆட்களைக் கூப்பிடலாமா?

மீட்டர் வரைதான் அவர்கள் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்களுடையது. டிரிப் ஆவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு பிரேக்கராக இருக்கும். எங்கோ ஈரத்தின் வழியே மின்சாரம் கசிகிறது, அது தன் வேலையைச் செய்கிறது. மாடி விளக்கு, வாசல் விளக்கு, தண்ணீர் மோட்டார், கீசர் ஆகியவைதான் முதல் சந்தேகம்.

எல்லா சிறு பிரேக்கர்களையும் அணைத்துவிட்டு, கசிவுத் தடுப்பானை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு. எல்லாம் அணைத்த பின்னும் விழுந்தால், ஒற்றை பிரேக்கர் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நியூட்ரல் வழியே கசியலாம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் பிளக்குகளைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இதற்கு மேல் எலக்ட்ரீஷியன். தொல்லையாக இருக்கிறதென்று கசிவுத் தடுப்பானைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிட்டுப் போகிற எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிடாதீர்கள்.

மாதம் ஒரு முறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். பழைய முறையில் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி என்றால் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் எர்த் இருந்தும் இல்லாததுபோல்தான்.

கேஸ் சிலிண்டர் வரும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

எடை. வெற்று சிலிண்டரின் எடை மேலே பொறித்திருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்த்து வர வேண்டும். கொண்டுவருபவரிடம் தராசு இருக்க வேண்டும், கேட்பதில் தயக்கம் வேண்டாம். பிறகு கைப்பிடியின் உட்புறம் எழுதிய சோதனைத் தேதி. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர்; பக்கத்தில் உள்ள எண் ஆண்டு. சி-28 என்றால் 2028 செப்டம்பர் வரை. கெடு கடந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். சீலை உடைத்து வாஷர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வாங்கிய மாதத்தை மார்க்கர் பேனாவால் அடுப்படிச் சுவரில் எழுதி வைத்தால் மறக்காது. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கட்டும். வாடை வந்தால் ரெகுலேட்டரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறங்கள். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. அவசர எண் 1906. சிறு கசிவைச் சோப்பு நுரை தடவிக் கண்டுபிடிக்கலாம், தீக்குச்சியால் அல்ல.

வரி, கரண்ட் பில் இவற்றில் தேதி தவறினால் என்ன ஆகும்?

சொத்து வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். நகர்ப்பகுதிகளில் அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்ச வரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீத வட்டி. கரண்ட் இரண்டு மாதக் கணக்கு. இதில் கவனிக்க வேண்டிய கோடு 500 யூனிட். அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளின் விலையும் மாறுகிறது. 495-க்கும் 505-க்கும் பத்து யூனிட் வித்தியாசம்தானே என்று நினைத்தவர்கள் பில்லைப் பார்த்து மலைப்பது இதனால்தான். ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து, ஐம்பதாவது நாளில் மீட்டரை நீங்களே ஒரு தடவை பாருங்கள்.

மாடியை வாடகைக்கு விடுகிறோம். 11 மாத ஒப்பந்தம் போட்டால் போதும்தானே?

அது பழைய பழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, நகர்ப்பகுதிகளில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். 11 மாதம் என்பதற்காக விலக்கு இல்லை.

யார் எதைச் சரிசெய்வது என்ற தினசரிச் சண்டைக்கும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் விடை இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், மின் ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, கழிவுக் குழாய் அடைப்பு, கீசர் பழுது, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் செலவு. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. வீட்டைப் பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும், அதுவும் பகலில்தான். சாவி கையில் இருக்கிறதே என்று நுழைய முடியாது.

வயதான பெற்றோர் வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைக்க நினைக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

தான செட்டில்மென்ட் பத்திரம் எழுதினால், “எங்கள் உணவு, தங்குமிடம், மருத்துவம் அனைத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும்” என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, இப்படி நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பிள்ளை கவனிக்காவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை எழுதாமல் “பாசத்தின் பேரில்” என்று மட்டும் எழுதிய பத்திரங்களில்தான் வழக்கு இழுக்கிறது. பத்திர எழுத்தர் தன்னிடமுள்ள பழைய மாதிரியையே போடுவார், நீங்கள் கேட்டால்தான் சேர்ப்பார். பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுப்பது கோட்டாட்சியரிடம். மாதம் 10,000 ரூபாய் வரை அவர் உத்தரவிடலாம். மகள்களுக்கும் இந்தக் கடமை உண்டு.

வீட்டின் எல்லா விவரமும் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் திடீரென்று போய்விட்டால் எங்கிருந்து தொடங்குவது?

இறப்புச் சான்றிதழ் முதலில். அடுத்து இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம். இந்த இரண்டும் கையில் வராமல் வேறு எந்த அலுவலகத்துக்கும் போய்ப் பயனில்லை.

இதற்கிடையில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: அவருடைய ஏ.டி.எம். கார்டில் பணம் எடுப்பது. ரகசிய எண் தெரியும் என்பதால் காரியச் செலவுக்கு எடுத்துவிடுகிறார்கள். அவர் ஓய்வூதியக்காரராக இருந்தால் இறப்புக்குப் பிறகு வந்த தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடும். மற்ற வாரிசுகளோடு சண்டைக்கும் இதுவே தொடக்கம். வங்கியில் தெரிவித்து, நாமினி யார் என்று கேளுங்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், அவ்வளவே. வாரிசுகளின் பங்கு அதனால் அழிவதில்லை. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம், சதவீதமும் குறிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே இதை ஒரு நடையில் முடித்துவிடலாம்.

பிறகு பெயர் மாற்றங்கள்: பட்டா, சொத்து வரி, குடிநீர், ஈ.பி., கேஸ். ரேஷன் கார்டில் நீக்கம். வரிசை இதுவாகவே இருக்கட்டும். சொத்து வரி ரசீது புதுப் பெயரில் வந்துவிட்டால் ஈ.பி.யில் வேலை சுலபம்.

காகிதம் தவிர வேறு ஒன்றையும் எழுதி ஒட்டிவைக்க வேண்டும், அலமாரிக் கதவின் உட்புறத்தில்: தண்ணீர் மெயின் வால்வு எங்கே, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், மோட்டார் எத்தனை நிமிடத்தில் டேங்கை நிரப்பும், செப்டிக் டேங்க் மூடி எந்தக் கல்லுக்குக் கீழே, ஈ.பி. இணைப்பு எண், சொத்து வரி மதிப்பீட்டு எண், பிளம்பர், எலக்ட்ரீஷியன் செல்பேசி எண்கள், மாடிக் கதவின் இரண்டாவது சாவி தொங்கும் ஆணி.